தங்கக்கரைப் பீங்கானும் ரோமாபுரிப் புத்தியும்

பென்டில் ஹில்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய சிறிதரன் அத்தானுக்கு,

நானும் நாகேஸ்வரியும் இங்கு நலம். மெல்பேர்ண் குளிரில் தாங்களும் அக்காவும், முக்கியமாக அக்காவின் முழங்காலும், நலமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். தங்கள் மகள் மயூராவின் திருமண அழைப்பிதழ் கிடைத்து அகமகிழ்ந்தோம்.

நிற்க, முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் நான் முதன்முதலாக வென்ற செய்தியை அறியத்தருகிறேன். இங்கு நூலகத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு வாசிப்பு வகுப்பு. பழைய ரோமாபுரிக் கவிதைகளை இங்கிலிசில் படிப்பிக்கினம். ஈராயிரம் வருசத்துக்கு முந்தின மனிசர், அத்தான், ஆனா எங்கட வீட்டு அலுமாரியை எட்டிப் பார்த்துப்போட்டு எழுதின மாதிரிக் கிடக்கு. இருக்கிறதை இண்டைக்கே அனுபவி, நாளைக்கு ஆர் இருப்பினமோ தெரியாது, இதுதான் அவையின்ர சாரம். எனக்குச் சுருக்கெண்டு பட்டது. எங்கட அலுமாரிக்கு மேல தங்கக்கரைப் பீங்கான் செற் ஒண்டு பெட்டியோட கிடக்கு. கிட்டப் போனாலே நாகேஸ்வரி, "அது கலியாணத்துக்கு, கை வைக்காதேங்கோ" எண்டுவா. எங்கட பெடியன் கலியாணம் கட்டியே நாலு வருசம், இனி ஆற்றை கலியாணம்? நாங்கள் பிளாஸ்டிக் கோப்பையிலதான் சோறு தின்னுறம்.

நேற்று அவ ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வகுப்புக்காரர் அஞ்சு பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டன். பெட்டியை இறக்கேக்க ஏறி நிண்ட கதிரை ஆடி ரெண்டு பெரிய பீங்கான் உடைஞ்சு போச்சு, போகட்டும் எண்டு விட்டன், ஆட்டிறைச்சிக் கறியைக் கிண்ணத்தோட மைக்ரோவேவுக்குள்ள வைக்கத் தங்கக்கரை மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்து கறுத்துப்போச்சு, படிப்பிக்கிற மனிசன் பயத்தில துள்ளி எழும்பிச் செற்றின்ர சூப்புச் சட்டியைத் தட்டி உடைச்சார், மிச்சத்தைக் கழுவுற மெசினுக்குள்ள போட்டெடுத்தால் தங்கத்தையே காணேல்ல. ஆனா அத்தான், நான் ராசா மாதிரி இருந்து சாப்பிட்டனான்.

பின்னேரம் நாகேஸ்வரி வந்து குசினியைப் பார்த்தா. ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. ரோமாபுரிக்கு முன்னால வாயடைச்சுப் போனா. நீங்களும் ஒண்டையும் பூட்டி வைக்காதேங்கோ.

அக்காவுக்கு என் அன்பு. மணமகளுக்கு, ஒரு குறையுமின்றி வாழ என் ஆசிகள்.

தலைநிமிர்ந்த மைத்துனன்,
கேதீஸ்வரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுற நேரம் நாகேஸ்வரி வாய் திறந்தா. அந்தச் செற் எங்கடை இல்லையாம். நீங்கள் இங்கயிருந்து மெல்பேர்ணுக்கு வீடு மாறேக்க, லொறியில உடைஞ்சிடும் எண்டு, மயூராவின்ர கலியாணத்துக்காக எங்களிட்டப் பத்திரமா வைக்கத் தந்ததாம். அத்தான், மற்றதெல்லாத்தையும் இண்டைக்கே செய்யுங்கோ. கோவத்தை மட்டும் கலியாணம் முடியுமட்டும் தள்ளிப்போடுங்கோ.