கொஸ்தாய்னிட்சாவில் மாப்பிள்ளை விசாரித்தது

நான் கூச்சக்காரன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும், மணியை வேறு யாராவது அடிக்கட்டும் என்று காத்திருப்பேன் (இரண்டு தரிப்பு தள்ளி இறங்கி நடந்து வந்த நாட்கள் உண்டு). அப்படிப்பட்ட நான் முன்பின் தெரியாத ஒரு நாட்டின் எல்லையில் பொலிஸில் பிடிபட்டேன் என்றால், அதற்கு என்னுடைய பிடிவாதம்தான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மகள் ஆரணி தான் மார்கோ என்ற பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். பையன் லண்டனில் வேலை. தாய் தகப்பன் குரோஷியாவில், கொஸ்தாய்னிட்சா என்ற சின்ன ஊரில்.

“அவை எப்பிடிப்பட்ட ஆக்கள்?”

“நல்ல ஆக்கள் அப்பா.”

“ஆர் சொன்னது?”

“நான்தான் சொல்லுறன்.”

எங்கள் ஆட்களிடம் அது செல்லாது. சம்பந்தம் என்றால் ஒருவர் அந்த ஊருக்குப் போய், அந்த வீட்டுக்குத் தெரியாமல் அயலில் விசாரிக்க வேண்டும். தகப்பன் குடிப்பாரா, வேலியை அடுத்த வளவுக்குள் நகர்த்துகிற ஆளா, எல்லாம் கேட்க வேண்டும்.

“இஞ்சேருங்கோ, இது என்ன யாழ்ப்பாணமே? பிள்ளைக்குத் தெரிஞ்சால் உங்களோட ஒரு நாளும் கதைக்காள்” என்றாள் மனைவி.

ஆனால் என் அக்காவை நாங்கள் விசாரிக்காமல்தான் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு அக்கா சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. அந்தப் பிழையை இரண்டாம் முறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பாரிஸில் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மார்கோவின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

தலைநகர் சாக்ரெப்பில் ஒரு அறை எடுத்து, பாஸ்போர்ட், லைசன்ஸ் எல்லாவற்றையும் மெத்தைக்குக் கீழே ஒளித்துவிட்டு பஸ் பிடித்தேன். முக்கியமான கடதாசிகளை உடம்பில் கொண்டு திரியக்கூடாது என்பது நான் அகதியாக அலைந்த காலத்தில் படித்த பாடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுதான் பட்டப்படிப்பு.

கொஸ்தாய்னிட்சா ஊனா என்ற பச்சை ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டை. பக்கத்தில் ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பொஸ்னியா. அங்கேயும் ஊரின் பெயர் கொஸ்தாய்னிட்சாதான். ஒரு ஊரை நடுவில் கிழித்து இரண்டு நாட்டுக்குக் கொடுத்தது போல இருந்தது.

பாண் சுடும் பேக்கரிக் கடையில் ஒரு பெண் நின்றார். ஒரு மணித்தியாலம் வாசலுக்கு வெளியே நின்று துணிவு சேர்த்துக்கொண்டு உள்ளே போனேன். படத்தைக் காட்டி, போன் மொழிபெயர்ப்பில், “இவருடைய குடும்பம் நல்லதா?” என்று கேட்டேன். அவர் தொடங்கியதோ சுல்தான் காலத்திலிருந்து. இந்தக் கரையில் ஒரு அரசன், அந்தக் கரையில் ஒரு அரசன், கோட்டை கை மாறிக் கை மாறி வந்தது. பிறகு நாங்கள் உயிரோடு இருக்கும் காலத்திலேயே வந்த சண்டை. ஒரு சனம் ஓடியது, ஓடிய சனம் திரும்பி வர மற்றச் சனம் ஓடியது. அதன் பிறகு நிலநடுக்கம். (எங்கள் ஊரிலும் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டால் பூட்டன் காலத்திலிருந்துதான் தொடங்குவார்கள்.) மார்கோ குடும்பம் வருவதற்குள் என் போனில் சார்ஜ் முடிந்துவிட்டது.

வெளியே வந்தேன். பல சுவர்களில் துப்பாக்கிச் சன்னம் பட்ட துளைகள். அவற்றுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கோட்டையை வடிவாகப் பார்க்கலாம் என்று கரையில் இறங்கியவன் சறுக்கி, முழங்கால் வரைக்கும் ஆற்றுக்குள் போனேன்.

என் நிறத்து ஆட்கள் பலர் அந்த ஆற்றைக் களவாகக் கடந்து ஐரோப்பாவுக்குள் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஈரச் சப்பாத்தோடு மேலே ஏறியபோது இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள்.

“பாஸ்போர்ட்?”

“மெத்தைக்குக் கீழே” என்றேன்.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் இருத்தினார்கள். இங்கே யாரையாவது தெரியுமா என்று இளம் பொலிஸ்காரர் இங்கிலிஷில் கேட்டார். சம்பந்தி வீட்டுப் பெயரை மட்டும் சொல்வதில்லை என்று உறுதியாக இருந்தேன். நான் தரைக்கல் பதிக்கிறவன். தலையைக் குனிந்து தரையைப் பார்த்தேன். நாலாவது வரிசை பிசகியிருந்தது. அப்போது அவர் என் சட்டைப் பையிலிருந்த படத்தை எடுத்தார்.

“உன்னை ஆற்றைக் கடத்தியது இவனா?” என்று கேட்டவர், படத்தை உற்றுப் பார்த்தார். “இது மார்கோ அல்லவா? என்னோடு படித்தவன்.”

இனி மறைக்க வழியில்லாமல், விசாரிக்க வந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் போன் எடுத்துப் பேச, பத்து நிமிடத்தில் மார்கோவின் தகப்பன் யோசிப் வந்துவிட்டார். நான் ஏன் வந்தேன் என்பதைப் பொலிஸ்காரர் விளக்க விளக்க, அவருடைய மீசை ஆடத் தொடங்கியது. சிரித்து முடித்து, லண்டனில் மார்கோவை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தன் போனை என்னிடம் நீட்டினார். மறுபக்கம் ஆரணி.

“அப்பா, பாரிஸ் எப்பிடி இருக்கு?”

ஈரச் சப்பாத்தை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

“நான் சொன்னா நம்பமாட்டியளோ?”

“உன்னை நம்புறன் பிள்ளை. அண்டைக்கு உன்ர மாமி, என்ர அக்காவும், தன்ர மாப்பிள்ளையை நல்ல மனிசன் எண்டுதான் சொன்னவா.”

 “சப்பாத்தைக் கழட்டிக் காய வையுங்கோ” என்றாள்.

யோசிப் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் சூப் கொடுத்தார். சண்டையில் எரிந்த வீட்டைத் திரும்பி வந்து தானே கட்டினாராம். கழுவும் அறையில் கதவைச் சாத்திவிட்டு, கதவுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். யாரும் பார்க்காத அந்த மூலையிலும் தரைக்கல் நூல் பிடித்தது போல இருந்தது, இடுக்கெல்லாம் ஒரே அளவு. எனக்கு அது போதும். விசாரணை முடிந்தது.

கலியாணம் விம்பிள்டனில் நடந்தது. சாப்பாட்டுக்கு முன் யோசிப் எழும்பினார். மார்கோ மொழிபெயர்த்தான். தானும் எங்கள் வழக்கப்படி மூன்று நாள் முன்பே வந்து, என் படத்தோடு செவன் கிங்ஸில் விசாரித்ததாகச் சொன்னார். “நாலு வீட்டில் கேட்டேன். மூன்று வீட்டார் நல்ல மனிதன் என்றார்கள். நாலாவது வீடு சுவரோடு ஒட்டிய பக்கத்து வீடு. அங்கே அப்படி ஒருவர் குடியிருப்பதே தெரியாது என்றார்கள்.”

நாங்கள் அந்த வீட்டில் இருபது வருடமாக இருக்கிறோம். இப்போதும் ஆரணி வீட்டுக்கு வந்தால், நான் ஒரு மூலையில் பேசாமல் இருப்பதைக் கண்டு, தாயிடம் கேட்பாள்: “அம்மா, இஞ்ச உங்களோட ஆரும் குடியிருக்கினமோ?”