திரும்பிய வகையில் பாக்கி

நல்லாத்தாள் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய பாக்கி முந்நூற்று எழுபத்து நான்கு பணம், இரண்டரைக் காசு. அவள் யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கியவள் இல்லை. ஊர் திரும்பிய வகையில் வந்த கடன் அது. ஊருக்குத்தான் அவள் இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்த நாட்டுக்குப் பேர் செந்தரை. அங்கே ஒன்பது வருஷம் சண்டை நடந்தது. யாருக்கும் யாருக்கும் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். சண்டை போட்ட இரண்டு பேரும் இப்போது ஒரே பல்லக்கில் போகிறார்கள். உயிருக்குப் பயந்து ஆற்றைத் தாண்டி ஓடியது நாலாயிரம் குடும்பம். சண்டை ஓய்ந்ததும் கடலுக்கு அப்பாலிருந்த ஒரு தர்ம சபை, ஓடிய சனம் ஊர் திரும்பினால் கப்பல் கப்பலாக அரிசியும் கூரைத் தகரமும் விதையும் தருவோம் என்று எழுதியது. மகாராஜா அன்றைக்கே வண்டி அனுப்பிவிட்டார்.

வண்டி ஊர் எல்லையில் நின்றது. அங்கே புதிதாகக் கம்பிவேலி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், சனங்களின் நிலத்தில், அரண்மனைப் படை கத்தரித் தோட்டம் போட்டிருந்தது. காய்க்கிற செடியை எப்படிப் பிடுங்குவது? ஆகவே சனங்களை இந்தப் பக்கம் கூடாரத்தில் வைத்தார்கள்.

நல்லாத்தாளின் கூடாரத்திலிருந்து பார்த்தால் அவளுடைய கிணறு தெரியும். முப்பது குழி நிலமும் அந்தக் கிணறும்தான் அவள் சொத்து. புருஷன் குப்பாண்டியும் அவளுமாக ஒரு கோடை முழுக்கத் தோண்டிய கிணறு. இப்போது அதில் சிப்பாய்கள் குளித்தார்கள். அவள் பகலெல்லாம் படைக்குச் சாலை போடக் கல் உடைத்தாள். சாயங்காலம் கூலியைக் கொண்டுபோய், தன் நிலத்தில் காய்த்த கத்தரிக்காயைக் காசு கொடுத்து வாங்கினாள்.

"நம்ம மண்ணு ருசி மாறவே இல்ல புள்ள" என்பான் குப்பாண்டி.

"அதுக்குத்தான் காசு வாங்குறானுங்க. தின்னு" என்பாள் அவள்.

இப்படி இருக்கையில் தர்ம சபையிடமிருந்து கேள்வி வந்தது: சனங்கள் திரும்பிவிட்டார்களா? மீள்வரவுத் துறையின் பெரிய அதிகாரி பேரின்பநாதர் மூன்று நாள் சாப்பிடாமல் யோசித்தார். நான்காம் நாள் சாப்பிட்டுவிட்டு ஒரு சட்டம் போட்டார். இனி அரசாங்கக் காகிதத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். திரும்புதல் என்றால், நின்ற இடத்தில் நின்றபடியே முகம் இருக்கும் திசையை மாற்றுதல். இந்தச் சொல்லின் வழிவந்த எல்லாச் சொற்களுக்கும் இதுவே விதி.

மறுநாள் காலை நாலாயிரம் குடும்பத்தையும் வேலிக்கு முதுகு காட்டி வரிசையாக நிறுத்தினார்கள். முரசு முழங்கியது.

"மகாராஜாவின் கருணையால், திரும்புக!" என்றார் பேரின்பநாதர்.

எல்லாரும் திரும்பினார்கள். எழுத்தர் தணிகாசலம் தலை எண்ணி, "நூற்றுக்கு நூறு திரும்பினர்" என்று எழுதினார். குப்பாண்டி மட்டும் பதற்றத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டான். அவன் திரும்பி, மறுபடி ஓடிப்போய்விட்டதாகக் கருதி, இன்னொரு முறை திருப்பி நிறுத்தி, அதற்கு இரட்டைக் கட்டணம் போட்டார்கள்.

திரும்பியவர்களுக்கு அகதி அரிசி எதற்கு? அது நின்றது. கப்பலில் வந்தது அரண்மனைக் களஞ்சியத்தில் பத்திரமாக இருந்தது. திரும்பியவர்கள் இருக்கும் இடம் வீடு அல்லவா? கூடாரத்துக்கு வீட்டு வரி வந்தது. கடைசியில் ஆளுக்கொரு சீட்டு வந்தது.

நல்லாத்தாள் எழுத்துக் கற்றது நாற்பது வயதுக்கு மேல், அக்கரை முகாமில், பிள்ளைகளுக்கு வந்த பலகையில். உதடு அசைத்து, விரல் வைத்துத்தான் படிப்பாள். அன்றைக்கும் அப்படியே படித்தாள். வண்டிக் கூலி, முரசுக் கூலி, திரும்பச் சொன்ன அதிகாரிக்குத் தொண்டைக் கட்டணம், புருஷன் சுற்றிய வகைக்கு இரட்டிப்பு, திரும்பும்போது காலடியில் தேய்ந்த அரசாங்க மண்ணுக்கு அரைக் காசு. அடியில், "மேற்படி கடனை வெள்ளிக்கிழமைக்குள் திருப்ப வேண்டும். தவறினால் நில உரிமை படைத் தோட்டத்தைச் சேரும்."

குப்பாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சு. கிணறும் போச்சு."

"இருங்க. பின்பக்கமும் ஏதோ இருக்கு."

இருந்தது. தர்ம சபைக்கு அறிக்கை எழுதி எழுதி நாட்டில் காகிதம் தீர்ந்துபோயிருந்தது. பழைய நிலப் பதிவேட்டைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் சீட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். தணிகாசலம் சோம்பேறி. பேர்களை மறுபடி தேடுவானேன் என்று, அவரவர் நிலத்தாளின் பின்பக்கத்திலேயே அவரவர் கடனை எழுதிவிட்டார்.

முப்பது குழி, கிணறு ஒன்று, உரிமை நல்லாத்தாள். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் திருப்பி, கடன் எழுதிய பக்கத்தின் கடைசி வரியை ஒரு தடவை படித்தாள். வேண்டுமென்றே இன்னொரு தடவை படித்தாள்.

"என்ன புள்ள சிரிக்கிற?"

"வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்க. சுத்தாம மட்டும் நில்லுங்க."

வெள்ளிக்கிழமை பந்தல் போட்டு வசூல் நடந்தது. தர்ம சபையின் தூது அம்மாள் ஒருத்தி, செந்தரைப் பேச்சைப் படித்துத் தெரிந்துகொண்டு வந்தவள், மேசையோரம் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். முதல் பேர் நல்லாத்தாள்.

"பணம் எங்கேம்மா?" என்றார் பேரின்பநாதர்.

"பணம் கொடுக்கணும்னு சீட்டுல இல்லீங்களே அய்யா. கடனைத் திருப்பணும்னுதான் இருக்கு." அவள் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து, நின்ற இடத்தில் நின்றபடியே புரட்டி, மேசைமேல் வைத்தாள். "திருப்பியாச்சுங்க."

பந்தலில் யாரோ இருமினார்கள்.

"என்ன விளையாட்டு இது! திருப்புவது என்றால் உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது!"

"அப்படீங்களா அய்யா? அப்போ திரும்புறதுன்னா உரிய இடத்துல போய்ச் சேர்றதுங்களா?"

தூது அம்மாளின் பேனா நின்றது. "நல்ல கேள்வி" என்றாள். "எது சரி? எனக்கு ஒரே பொருள்தான் எழுத வேண்டும்."

பேரின்பநாதர் வேலியைப் பார்த்தார். கூடாரங்களைப் பார்த்தார். மூன்று கப்பல் அரிசிக்கும் கூரைத் தகரத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதை நினைத்துப் பார்த்தார். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சட்டம் சட்டம்தான்" என்றார், மிகுந்த கம்பீரத்தோடு. "கடன் திருப்பப்பட்டது. தணிகாசலம், முத்திரை போடும்."

தணிகாசலம் மேலே தெரிந்த பக்கத்தில் முத்திரையை ஓங்கிக் குத்தினார். மேலே தெரிந்தது நிலத்தாள். முத்திரையில் இருந்தது ஒரே சொல்: செல்லும்.

அவளுக்குப் பின்னால் காகிதங்கள் சரசரவென்று புரளும் சத்தம் கேட்டது.

வேலி வாசலில் காவல் நின்ற சிப்பாய் பொடியன் இல்லை, மீசை நரைத்தவன். தாளை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தான்.

"செல்லும்னு போட்டிருக்கே."

"ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தானுங்களே அண்ணே."

"அப்போ போகச் சொல்லித்தான் போட்டிருக்கு." அவன் வாசலுக்குக் குறுக்கே கிடந்த மூங்கிலைத் தூக்கினான். அவனும் வேறு எங்கோ வேலி போட்ட ஊர்க்காரன்தான். "கத்தரிக்காயை என்ன பண்றது?"

"பறிச்சதை எடுத்துக்குங்க. செடியில இருக்கிறது எங்களுது."

தர்ம சபைக்கு அன்றைய அறிக்கை போனது: திரும்பியவர் நூற்றுக்கு நூறு, திருப்பிய கடன் நூற்றுக்கு நூறு. இப்படி ஒரு நாடு உண்டா என்று அங்கே மெச்சிக்கொண்டதாகக் கேள்வி. அரண்மனையில் புது அகராதிக்குக் குழு போட்டிருக்கிறார்கள். முதல் சொல்லிலேயே நிற்கிறார்களாம்.

குப்பாண்டி கிணற்றில் இறங்கி, தான் செதுக்கிய படி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லாத்தாள் நிலத்தின் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கிழக்கே பார்த்தாள், தெற்கே பார்த்தாள், மெல்லத் திரும்பி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். எப்படியும் அரைக் காசுக்கு மண் தேய்ந்திருக்கும். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.