நாலாம் எண் கட்டிலும் வடக்குத் திசையும்

தோட்டத்து ஆஸ்பத்திரி,
பாடாங் மேஹா பக்கம்.
ஜப்பானியர் கணக்கில் 2603. கான்வென்ட்டில் நான் படித்த கணக்கில் 1943.

அன்புள்ள தம்பி மனோகரனுக்கு, அக்கா புஷ்பவள்ளி எழுதிக்கொண்டது. பண்டார் பாருவில் நீயும் உன் மனைவி மக்களும் உன் மருந்துக்கடையும் குறைவின்றி இருக்க வேண்டும். நான் பூரண சுகம். லேசாகக் குளிர்கிறது, மழைக்காலம்தானே என்று உன் அத்தானின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீ புறப்பட்டு வர வேண்டாம். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து மட்டும் அனுப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

வெள்ளைக்கார டாக்டர் போனதிலிருந்து மருந்து கலக்கும் டிரெசர் பரஞ்சோதி வைத்ததுதான் இங்கே வைத்தியம். நல்ல மனுஷர், ஆனால் முறை கிடையாது. வாசலில் நின்று, "காய்ச்சல் யாருக்கு?" என்பார். பெண்கள் வார்டு முழுவதும் கை தூக்கும். ஏனென்றால் காய்ச்சல்காரிக்குத்தான் அரிசிக் கஞ்சி, மற்றவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு. தோட்டத்துக் கணக்கெல்லாம் எழுதிய பெரிய கிராணியின் மனைவியாக இந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பினாங்கு கான்வென்ட்டில் மதர் எங்கள் கட்டில்களுக்கு எண் போட்டிருந்தார். நான் பதினேழு. தூக்கத்தில் "பதினேழு" என்றாலும் எழுந்து உட்காருவேன். அதே முறையை இங்கே கொண்டுவந்தேன். சுண்ணாம்பைக் குழைத்து ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் எண் எழுதினேன். மருந்து இனி எண்ணுக்கு, ஆளுக்கு இல்லை. எண் இருக்கும் பக்கம்தான் தலை இருக்க வேண்டும், யாரும் திரும்பிப் படுக்கக் கூடாது என்று சட்டமும் போட்டேன்.

நாலாம் எண் காளியம்மா, பால்மரம் வெட்டுகிறவள். புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். "அவரு திரும்பி வர்றப்ப நான் இருக்கணும் கிராணியம்மா" என்று பல் கிட்டிக்கச் சொன்னாள். மிச்சமிருந்த கொயினா அவளுக்கு. ஒன்பதாம் எண் பிச்சையம்மாள், மலச்சிக்கல், விளக்கெண்ணெய். காலை ஆறு மணிக்கு மருந்து. ஆறு என்பது ஜப்பானியர் நம் கடிகாரங்களில் திருப்பி வைத்த தோக்கியோவின் ஆறு; கடிகாரத்துக்கு விடிந்துவிடும், சூரியனுக்கு விடியாது. விளக்குக்கு எண்ணெய் கிடையாது. சன்னலுக்கு வெளியே பனியில் ரப்பர் மரங்கள் வரிசை கலையாமல் மெல்ல நடந்து போவது மாதிரி இருக்கும். உள்ளே சுண்ணாம்பு எண்கள் மட்டும் வெள்ளையாக மிதக்கும். நானும் மிதந்துகொண்டே போய், எண் பார்த்து, வாய் தடவி, ஊற்றிவிட்டு வருவேன். இரண்டே நாளில் காளியம்மாவுக்குக் காய்ச்சலும் இறங்கவில்லை, பேதி வேறு பிடுங்கிக்கொண்டது, தலை தூக்க முடியவில்லை. பிச்சையம்மாளோ கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடக்கிறாள்.

"காதுக்குள்ள கோயில் மணி அடிக்குதுங்க கிராணியம்மா. தேரு கெளம்பிடுச்சுபோல."

கொயினா குடித்தால் காது இரையும். விளக்கெண்ணெய்க்குத் தேர் கிளம்பாது. "அடியே, நீ எந்தக் கட்டில்?" என்றேன்.

"ராவுக்கு நாலுங்க, பகலுக்கு ஒம்பது. நாலாம் நம்பரு வடக்க தலை வெக்கிற வரிசைல்லா. உசுருக்குப் போராடுறவ அப்பிடிப் படுத்தா எமனுக்குச் சௌகரியமாப் போயிராதா? திரும்பிப் படுக்கலாம்னா நீங்க சட்டம் போட்டுட்டீங்க. அதான் பொழுது சாஞ்சா மாத்திக்குவோம், வெளிச்சம் வந்தா நீங்க பாக்குறதுக்குள்ள திரும்பிருவோம்."

"உனக்குப் பயமில்லையா?"

"மலச்சிக்கலுக்கெல்லாம் எமன் இம்புட்டுத் தூரம் வருவானாங்க?"

"மருந்து கசந்திருக்குமேடி!"

"சண்டைக் காலத்து எண்ணெ இப்பிடித்தான்னு நெனச்சேன்."

பரஞ்சோதி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியிருப்பேன். "கட்டிலைத் திருப்பிப் போட்டா தீந்துச்சுங்களே அம்மா" என்றார். மூடநம்பிக்கைக்காக என் வார்டில் ஒரு கட்டில்கூட நகராது என்று சொல்லிவிட்டேன். போத்தலின் அடியில் கிடந்த கொயினாவைக் காளியம்மா முகத்தைப் பார்த்து, பேரைச் சொல்லி, அவள் "நாந்தாங்க" என்ற பிறகு ஊற்றினேன். இன்று காலை கஞ்சி கேட்டாள். ஆனால் போத்தல் காய்ந்துவிட்டது. மருந்தில்லாவிட்டால் காய்ச்சல் திரும்பி வரும், வந்தால் தாங்கமாட்டாள். இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் ராமையாவிடமே கொயினாவைக் கொடுத்தனுப்பு. என் முறையில் தவறில்லை, நோயாளிகள் அதற்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நகத்தை ஒட்ட வெட்டச் சொல். கடவுள் உங்களைக் கிழங்கிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
புஷ்பவள்ளி

பின்குறிப்பு: பென்சில் கையில் நிற்கவில்லை. குளிர் மழையால் இல்லை. நேற்றே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வடக்கு வரிசையில்தான் கட்டில் காலி என்றார் பரஞ்சோதி. கட்டில்கள் எல்லாவற்றையும் கிழக்கு மேற்காகத் திருப்பச் சொல்லிவிட்டேன், காற்றோட்டத்துக்காக. சுண்ணாம்பு எண்களையும் அழிக்கச் சொன்னேன். கொயினாவை ராமையாவிடம் கொடுக்காதே, நீயே எடுத்துக்கொண்டு வா. முதல் வேளை காளியம்மாவுக்கு. மரங்களுக்கு நடுவிலிருந்து யாரோ "பதினேழு, பதினேழு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நீ வந்து வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிடு.