மூன்றுக்கு ஒன்று

எனக்குக் கோபம் வந்தால் கணக்கு வராது. (கோபம் வராத நாளிலும் சுமார்தான்.)

இரும்புலியூரில் எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் ஊற்றிக்கொண்டே போவார்கள்; வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிடும். அந்த ஆத்திரத்தில்தான் வீட்டைத் தெருவிலிருந்து மூன்றடி தூக்கிக் கட்டினேன். குடிபோன மாதமே, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வாசலில் சாய்தளம் போட வேண்டும்.

கொத்தனார் கன்னியப்பன் டேப்பை நீட்டி அளந்தார். "ஓரடி ஏற பன்னெண்டடி நீளம் வோணும் சார். மூணடிக்கு முப்பத்தாறு. பக்கவாட்டுல வளைச்சிக்கினு போலாம்."

பக்கவாட்டில் என் கார் நின்றது. படியிலிருந்து கேட் வரை ஒன்பதடிதான்.

"ஒன்பதுல மூணு, அதாவது மூணுக்கு ஒண்ணு. பன்னெண்டை விட மூணு சின்னதுதானே? அப்ப சாய்வும் கம்மிதானே?"

"அது அப்டி இல்ல சார்..."

"நான் பி.காம். எனக்குக் கணக்கு சொல்லித் தராதீங்க" என்று கத்தினேன். மறுநாளே கான்கிரீட் போட்டுவிட்டார்.

மாமனார் வந்து இறங்கினார். சாய்தளத்தை நிமிர்ந்து பார்த்தார். (குனிந்து பார்க்க வேண்டிய பொருள் அது.)

"இது எத்தனைக்கு ஒண்ணு மாப்ள?"

"மூணுக்கு ஒண்ணு மாமா."

அவர் வாயெடுப்பதற்குள் தள்ளினேன். பாதியில் நாற்காலி நின்றது. என் செருப்பு வழுக்கியது. நானும் அவரும் பின்னோக்கி வந்தோம். என் மனைவியும், சாமான் எடுக்க வந்திருந்த கன்னியப்பனும் பிடித்திருக்காவிட்டால் தெருவைத் தாண்டியிருப்போம்.

மாமனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஊட்டி மலை ரயிலே கிட்டத்தட்ட பன்னெண்டுக்கு ஒண்ணுதான் ஏறுது. அதுக்கே தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்சிருக்கான். நீங்க ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு மூணுக்கு ஒண்ணுல ஏத்துறீங்க. வண்டிய கீழ்க்கட்டளைக்கு விடச் சொல்லுங்க."

கீழ்க்கட்டளையில் இருப்பது என் சகலை வீடு. தூறல் விழுந்தால் கூடத்தில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். கட்டுப் பிரிக்கும் வரை மாமனார் அங்கேதான் இருந்தார், காலைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

இன்றும் கல்யாண மண்டபப் படியில் நான் கால் வைத்தால் சகலை பக்கத்தில் வந்துவிடுவார்.

"பார்த்து ஏறுங்க. பின்னாடி ஒரு இன்ஜின் போடச் சொல்லவா?"

சிரிக்காமல் கேட்பார். அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.