வராத வழக்காடி

முகிலங்காடு என்றொரு நாடு இருந்தது. குடிகள் எல்லோருக்கும் வீடு கட்டித் தருவதாக அதன் அரசர் முடிசூடிய அன்றே வாக்களித்தார். கட்டும் பொறுப்பைப் பெருந்தச்சர் மார்க்கசகாயரிடம் கொடுத்தார். அவருக்கிருந்த தகுதி, அரசியாரின் தம்பி என்பது.

இட்லிக்கடை அஞ்சுகத்துக்கும் ஒரு வீடு கிடைத்தது. குடிபோன மாதமே கூரையிலிருந்து காரை பெயர்ந்து தொட்டிலுக்குள் விழுந்தது. நல்லவேளையாகக் குழந்தை அப்போது அவள் மடியில் இருந்தது. வீட்டுவழக்கு மன்றத்தில் முறையிட்டாள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அன்று மன்றத்துத் தெருமுனையில் காவலர்கள் அவளை மறித்தார்கள். ‘நீதி உங்கள் வாசலில்’ திட்டத்தைத் தொடங்கிவைக்க அமைச்சர் வருவதால் வழி அடைப்பாம். தனக்கு வழக்கு இருப்பதாகக் கெஞ்சினாள். அவர்கள் ஒரு பூக்கூடையைக் கையில் கொடுத்து, தேர் வந்ததும் தூவச் சொன்னார்கள். தூவிவிட்டு அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மன்றத்தில் அவள் பெயரை மூன்று முறை கூவி முடித்திருந்தார்கள்.

“வழக்காடி வரவில்லை. ஆகவே வீட்டில் குறையில்லை” என்று நடுவர் அம்பலவாணர் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தார்.

“தெருவுலதான் நின்னேன் சாமி. உங்க ஆளுங்கதான் பூவக் குடுத்து நிறுத்திவச்சாங்க.”

“மலர் தூவினாயா?”

“தூவுனேன்.”

“அரசை மனநிறைவோடு வரவேற்றிருக்கிறாள். எழுதிக்கொள்ளுங்கள்.”

அதோடு விடவில்லை. குறையில்லாத வீட்டைக் குறை சொன்னவர்கள் இனி வேறெங்கும் தலைசாய்க்கக் கூடாதென்று ஆணை பிறந்தது. அஞ்சுகம் குழந்தையைக் கட்டிலுக்கு அடியில் கிடத்திவிட்டு, மேலே படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பொறுக்காமல் மேல்முறையீடு செய்தாள்.

இதற்குள் மன்றத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. அதையும் கட்டியவர் மார்க்கசகாயர்தான். இந்தத் தடவை தவறவிடக் கூடாதென்று, குழந்தையைக் கடையில் கணவனிடம் விட்டுவிட்டு, விடிந்ததும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் வரக் காணோம். சன்னல் வழியே பார்த்தால், மேல்முறையீட்டைக் கேட்க வந்த நடுவர்கள் மூவரும் எதிரே புளியமரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். காற்றோட்டத்துக்காக என்று சொல்லிக்கொண்டார்கள்.

அவள் பெயர் கூவப்பட்டது. வெளியே போக எழுந்தவள், என்ன நினைத்தாளோ, திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள்.

“உள்ளதான் இருக்கேன்” என்று மூன்று முறையும் குரல் கொடுத்தாள்.

போய்ப் பார்க்கும்படி மூவரில் தலைமை நடுவர் எழுத்தரிடம் சைகை காட்டினார். எழுத்தர் காவலரைப் பார்த்தார். காவலர் கூரையைப் பார்த்தார்.

“வழக்காடி மறுபடியும் வரவில்லை” என்று தலைமை நடுவர் தொடங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பெருந்தச்சரின் கட்டடங்கள் மலைபோல் உறுதியானவை என்ற தீர்ப்பை மூவரும் நனைந்துகொண்டே வாசித்து முடித்தார்கள்.

“ஏன் சாமி மழையில நிக்கிறீங்க?” என்றாள் அஞ்சுகம் சன்னலில் நின்று. “மலை மாதிரி கட்டடந்தானே, உள்ள வாங்க.”

ஒருவரும் அசையவில்லை. முதலில் சிரித்தவன் அரசாங்க முரசறைபவன். பிறகு மரத்தைச் சுற்றி நின்ற கூட்டமே சிரித்தது.

அன்றே அவள் குடும்பத்தோடு கடைக்குக் குடிபெயர்ந்தாள். தடுக்க வந்த காவலரிடம், நடுவர்கள் காட்டிய வழியில் போவதாகச் சொன்னாள். அவள் பின்னால் தெருவே மூட்டை கட்டியது.

மறுநாள் முரசு ஒலித்தது. அரசு கட்டிய கூரைகளின் மேல் மழை பெய்வது இனி தேசத்துரோகம்.