சிவப்புக் காதுக்காரி காட்டிய வழி

மூடுபனியில் முன்னால் போன சுமை லாமாவின் வாலைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. ஃபெர்மின் வழிதவறிவிட்டான். அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் அவன் தயாராக இல்லை.

பின்னால் லீமா நகரத்து இன்ஜினீயர் ரெனாட்டோவும் அவர் மனைவி மாரிலூஸும் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. இன்கா காலத்துக் குந்தூர்வாசிக் கோட்டையைப் பார்த்துவிட்டு இவர்கள் நல்லவிதமாகச் சொன்னால், வழிகாட்டிகள் சங்கம் ஃபெர்மினுக்கு அடையாள அட்டை கொடுக்கும். கொடுத்தால், உருளைக்கிழங்குக்குக் காவல் இருக்கக்கூட லாயக்கில்லாதவன் என்று கல்யாண நாளிலிருந்து சொல்லிவரும் மாமியார் நிகாசியாவின் வாய் மூடும்.

பனி இறங்கினால் முன்னோடி லாமாவின் பின்னால் போக வேண்டும் என்பது அந்தப் பள்ளத்தாக்கின் சட்டம். காதில் சிவப்புக் குஞ்சம் கட்டியிருந்த லாமா தயங்காமல் இடதுபக்கம் திரும்பியது. ஃபெர்மினும் திரும்பினான். அது சீதனமாக வந்த லாமா என்பது அவன் நினைவுக்கு வரவில்லை.

ஒரு கல்சுவர் தென்பட்டது. இதுதான் கோட்டை என்று அறிவித்தான். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. பூகம்பத்தில் ஸ்பெயின்காரனின் மணிக்கூண்டு விழுந்தது, எங்கள் முன்னோர் அடுக்கிய கல் அசையவில்லை என்றான். ரெனாட்டோ தொப்பியைக் கழற்றினார்.

உள்ளே தரையெங்கும் புழுக்கை. அரசரின் சுமை லாமாக்கள் நின்ற இடம் என்றான் ஃபெர்மின்.

ரெனாட்டோ குனிந்து பார்த்தார். “இன்னும் ஆவி பறக்குதே?”

“பரம்பரை விட்டுப்போகலை சார்.”

அப்போதுதான் சுவரில் காய்ந்த பாவாடையைக் கண்டான். அந்தப் பாவாடையை அவனுக்குத் தெரியும்.

“யாருடா அது, என் பட்டியில?” கவணோடு வந்தாள் நிகாசியா. அவளுக்குக் கெச்சுவா தவிர வேறு பாஷை தெரியாது.

கோட்டையைக் காக்கும் பரம்பரையில் வந்தவர், இவர் பேசுவதை நான் ஸ்பானிஷில் சொல்கிறேன் என்று ஃபெர்மின் முந்திக்கொண்டான்.

“லாமா பொறந்த வீட்டுக்கு வந்திருக்கு. அது வாலைப் பிடிச்சுக்கிட்டு வழிகாட்டியும் வந்திருக்காரு.”

“உங்க வரவால இந்த மண்ணு குளிர்ந்துச்சாம் சார்.”

“அந்தச் சுவரைத் தட்டித் தட்டி என்ன புளுகறீங்க மாப்ளே? போன மழைக்கு விழுந்த சுவரு. எடுத்துக் கட்ட ஊரே வந்துச்சு, நீங்க மட்டும் இடுப்புவலின்னு படுத்துட்டீங்க.”

“ஊரே சேர்ந்து கட்டின சுவராம். அந்தக் காலத்துல.”

திட்டிக்கொண்டே கம்பளி விரித்தாள். அவித்த கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து, சோளக்கள் ஊற்றிக் கொடுத்தாள். மாரிலூஸ் குடிப்பதற்குமுன், மலைக்காரர்கள் மண்ணுக்குப் படைப்பதுபோல, ஒரு சொட்டைத் தரையில் ஊற்றினாள். ஃபெர்மின் கவனிக்கவில்லை. பனி விலகிக்கொண்டிருந்தது.

எதிர் மலைமுகட்டில் வெயில் பட்டு, அடுக்கடுக்காக எழுந்து நின்றது குந்தூர்வாசி.

“அப்போ இது?” என்றார் ரெனாட்டோ.

“இது வெளிவாசல் சார்,” என்று ஆரம்பித்தவனால் மேலே புளுக முடியவில்லை. அந்தக் கற்களைப் பார்த்தபடி உள்ளதைச் சொன்னான். அங்கே முன்னோர் வெட்டிய வாய்க்காலில்தான் இன்றும் தண்ணீர் வருகிறது. நீங்கள் சாப்பிட்ட கிழங்கு அதில் விளைந்தது. எங்களை ஜெயித்தவர்கள் போய்விட்டார்கள், நாங்கள் இன்னும் இங்கேதான் உழுகிறோம். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

நிகாசியாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வழிதான் தெரியாது. ஆனா நம்ம முன்னோரைப் பத்திப் பேசறப்ப இவன் நிக்கிற நிலையைப் பாரு. என் மக தப்பான ஆளைக் கட்டலை.”

ஃபெர்மின் திரும்பி நின்று லாமாவின் காதுக் குஞ்சத்தைச் சரிசெய்தான்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் ரெனாட்டோ.

“ஒண்ணுமில்ல சார். மழை வருமாம்.”

ரெனாட்டோ துடைத்துவிட்டதுபோலிருந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார். மாரிலூஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து திறக்காத வாயைத் திறந்து, மலைநாட்டுக் கெச்சுவாவில் கேட்டாள்:

“திட்டினதையெல்லாம் அவ்வளவு அழகா மாத்திச் சொன்னீங்களே அண்ணே, புகழ்ந்ததை மட்டும் ஏன் மழையாக்கிட்டீங்க?”