கரிவலம் மாமாவும் குறைந்த காற்றும்

"வாகனச் சக்கரங்களின் காற்றழுத்தம், வண்டி புறப்படுமுன், சக்கரங்கள் குளிர்ந்த நிலையில், ஏறவிருக்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் பாரத்தையும் கருத்தில் கொண்டு சரிபார்க்கப்பட வேண்டும்."

எங்கள் அலுவலக ஜீப் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த விதி இது. எழுதி ஒட்டியவன் நான். சங்கரன்கோவிலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதையாவது எழுதி எங்காவது ஒட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒட்டிய விதி எனக்கும் பொருந்தும் என்ற எண்ணம் மட்டும் அப்போது வரவில்லை.

எழுபதுகளின் கடைசி. என் தங்கை அம்பிகாவுக்குத் தை மாதம் சங்கரன்கோவிலிலேயே கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி, தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் தலையில் உருமால் கட்டி விட வேண்டியவர் தாய்மாமன். அந்தத் தாய்மாமன் கரிவலம்வந்தநல்லூரில் இருந்தார். மீசையும் கோபமும் நிறைந்த மனிதர். அவருக்கு அப்போது இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.

"பஸ்ஸுல வந்தா இடுப்பு போயிரும். குலுங்காத கார் ஒண்ணு அனுப்புங்க, வாரேன். இல்லைன்னா ஆளை விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையோ, "மாமா உருமால் கட்டாம நான் மணவடையில உக்கார மாட்டேன்" என்று இன்னொரு பக்கம். ஆக, என் தங்கையின் தாலி கரிவலத்துக்காரரின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அரிசி மில் அண்ணாச்சியிடம் ஓர் அம்பாசடர் இருந்தது. கேட்டதும் கொடுத்தார். ஓட்டுவதற்கு நானே போதும் என்று சொல்லிவிட்டேன். (லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

நான் இயற்பியல் படித்தவன். காற்று நிறைந்த டயர் கல். காற்று குறைந்த டயர் தலையணை. இடுப்பு வலிக்காரருக்குத் தேவை தலையணை. கல்யாணத்தன்று விடியற்காலையில் அலுவலகத்துக் காற்றழுத்த மானியை எடுத்துப் போய், கம்பெனி சொன்ன அளவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு காற்றை நான்கு சக்கரத்திலும் இறக்கினேன். பிறகு சோதனை. ஒரு தம்ளர் நிறையக் காபியை முன்பக்கம் வைத்து, ரத வீதியைச் சுற்றி வந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. கல்யாண அவசரத்தில் நின்றுகொண்டிருந்த அப்பாவிடம் தம்ளரைக் காட்டினேன்.

"காபி சிந்தாம வந்துட்டு. சரி. வரப்போற மாமா என்ன, தம்ளர் கனம்தானா?" என்றார் அப்பா.

விஞ்ஞானம் அப்பாவுக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன். காரில் அப்போது இருந்தது நானும் ஒரு தம்ளரும் மட்டும்தான் என்பது எனக்கும் உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்பது ஒருமை அல்ல. கரிவலத்தில் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் மாமா வந்தார். அத்தை வந்தாள். மாமாவின் தம்பிகள் இரண்டு பேர், அவர்களின் மனைவிமார், பெரியம்மை ஒருத்தி என்று வந்துகொண்டே இருந்தார்கள். சீர் தனியாக வந்தது: பித்தளைக் குடம், குத்துவிளக்கு, வாழைத்தார், ஒரு மூட்டை அரிசி. "இடம் இல்லை" என்று சொன்னால் சம்பந்தம் அங்கேயே முறியும். சொல்லவில்லை. வண்டி உட்கார்ந்தது. நானும் கதவோரமாக ஒட்டி உட்கார்ந்தேன்.

ஆனால் ஒன்று. வண்டி குலுங்கவே இல்லை. மாமா மீசையைத் தடவிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, தொட்டில் மாதிரி" என்றார். என் நெஞ்சு நிமிர்ந்தது. சங்கரன்கோவில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பின்பக்கத் தொட்டில் ஒன்று புஸ்ஸென்று தரையில் படுத்தது. இறங்கிப் பார்த்தேன். ஒரு டயர் விளிம்பை விட்டு நழுவி, டியூப் வாயோடு பிய்ந்துவிட்டது. அதன் ஜோடியும் பாதி உயிரில் இருந்தது. ஸ்டெப்னி ஒன்றுதான்.

"எல்லாரும் கொஞ்சம் இறங்கினா..." என்று ஆரம்பித்தேன்.

அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பொண்ணு வீட்டு வாசல்ல இறக்காம நடுரோட்டுலயா இறங்கச் சொல்லுதிய? இது எந்த ஊரு மருவாதி?"

மாமாவின் தம்பி, "அண்ணன் இறங்காம நான் எப்படி இறங்க? சொல்லும்" என்றார்.

மாமா அசையவில்லை. "வண்டியத் திருப்பும்வே, நாங்க வீட்டுக்குப் போறோம்."

வண்டி திரும்பும் நிலையில் இருந்தால் நேராகவே போயிருக்குமே! ஆனால் அதைச் சொல்லும் நேரமா அது? முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மணவடையில் அம்பிகா தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் அலுவலகப் புத்தி கைகொடுத்தது. பெரிய அதிகாரி சுற்றுப்பயணம் வந்தால் அலுவலக வாசலில் வரவேற்க மாட்டோம். தாலுகா எல்லைக்கே போய் மாலையோடு நிற்போம். அவரும் அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும்; அதுதான் முறை.

ராஜபாளையம் பக்கமிருந்து பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் ஓடினேன்.

"ஏன் வே, காத்து இறங்கிட்டாக்கும்?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார் அவர்.

"மெல்லப் பேசும்! கல்யாண மண்டபத்துல எங்க அப்பாட்ட சொல்லிரும். மேளமும் சந்தனத் தட்டும் உடனே இங்கன வரணும்."

"மேளமா? பம்புல்லா வேணும்?"

"மேளம்!"

பஸ் போனது. நான் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மாமாவிடம் வந்தேன்.

"மாமா, வண்டி நின்னு போச்சுன்னு நினைக்காதீங்க. நிறுத்தினதே நான்தான். மாப்பிள்ளையோட தாய்மாமனை ஊர் எல்லையிலேயே எதிர்கொண்டு மேளத்தோட கூட்டிட்டுப் போறதுதான் எங்க வீட்டு வழக்கம்."

மாமா கண்ணைச் சுருக்கினார். "அப்படியா? மேளத்த எங்க?"

"தொட்டில் மாதிரி வந்ததுல நாமதான் சீக்கிரம் வந்துட்டோம்."

மாமா எட்டி, படுத்துக் கிடந்த டயரைப் பார்த்தார். "அப்ப டயரு ஏன் மாப்ளே மட்ட மல்லாந்து கிடக்கு?"

"இறங்கும்போது உங்களுக்கு இடுப்பு பிடிக்கக்கூடாதுல்லா மாமா. அதான் வண்டியத் தாழ்த்தி வச்சிருக்கு."

இந்தப் பதிலை யோசித்துச் சொன்னேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய் தானாகச் சொன்னது. காது கேட்டு நடுங்கியது.

கொஞ்ச நேரத்தில் குதிரை வண்டி ஒன்று தள்ளாடிக்கொண்டு வந்தது. முன்னால் நாகசுரக்காரர், நடுவில் தவில், பின்னால் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்கள் அப்பா. அவர் என் காதருகே குனிந்து, "ஏலே, நம்ம வீட்டுல எல்லை வழக்கமா? எப்பயிருந்து?" என்றார்.

"இன்னையிலிருந்துப்பா."

அப்பா போய் மாமாவுக்குச் சந்தனம் பூசினார். தவில் அதிர்ந்தது. மாமா இறங்கினார். அவர் இறங்கியதும் தம்பிகள் முறைப்படி இறங்கினார்கள். அத்தை பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அரிசி மூட்டையும் வாழைத்தாரும் குதிரை வண்டியில் ஏறின. எல்லோரும் நடந்தார்கள். தெருவுக்குள் நுழைந்ததும் விசைத்தறிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் வாசலுக்கு ஓடி வந்து, "யாருய்யா அந்தப் பெரிய மனுசன்?" என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க மாமாவின் நடை நிமிர்ந்தது. இடுப்பைப் பற்றிய பேச்சே இல்லை. முகூர்த்தத்துக்கு முன்னாலேயே உருமால் கட்டினார், தாலி ஏறியது. நான் மண்டபத் தூணில் சாய்ந்து, அன்றைக்கு முதன்முறையாக மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், தாய்மாமன் அதே இடத்தில் காரை விட்டு இறங்கி, மேளத்தோடு நடந்துதான் ஊருக்குள் வர வேண்டும். மறுத்துப் பேசுபவர் யாரும் இல்லை. போன வருடம் என் பேத்தி கல்யாணத்தில், "இது உங்க குடும்பத்துல தொன்றுதொட்டு வர்ற வழக்கமாமே?" என்று வெளியூர்ச் சம்பந்தி பயபக்தியோடு கேட்டார். "ஆமாம்" என்றேன். பக்கத்தில் நின்ற அம்பிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, காத்து எவ்வளவு வச்சிருக்கிய?" என்றாள். எங்கள் வீட்டில் யார் எதைப் பெருமையடித்தாலும் கேட்கப்படும் கேள்வி இது.

ஆனால் கல்யாணம் முடிந்த அந்தச் சில மாதங்கள் எனக்கு நிம்மதி இல்லை. மறுவாரமே மாமாவுக்கு முறைப்படி நன்றிக் கடிதம் எழுதி, பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. மாசி போனது, பங்குனி போனது. "கண்டுபிடிச்சிட்டாரு. நம்ம அம்பிகாவத்தான் ஏதாவது சொல்லுவாரு" என்று அப்பா தினமும் புலம்பினார். ஊருக்கு வந்த அம்பிகாவிடம் கேட்டால், "உங்க பேரச் சொன்னா மீசையத் தடவுதாரு, அவ்வளவுதான்" என்றாள்.

கடைசியில் ஒரு கார்டு வந்தது. "ஆடித்தபசுத் திருவிழா பார்க்க வருகிறேன். கார் அனுப்ப வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துகொள்கிறேன். மேளத்தை மட்டும் போன தடவை நான் இறங்கிய இடத்துக்கு அனுப்பி வைக்கவும்."

அன்றைக்குத் தேதி ஆடி மூன்று; அன்றைக்கே போய் மேளத்துக்கு முன்பணம் கொடுத்தேன்.